சீம்பால் முதலில் யாருக்கு?

(வானொலி வேளாண் உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் கன்னிப்பூவுக்கு எந்த விதை, கும்பப்பூவுக்கு எவ்வளவு உரம் என்றுதான் உங்களோடு பேசுவேன். இன்று வயலை விட்டுக் கொஞ்சம் விலகி, தொழுவத்துக்கும் வீட்டுக்கும் வருகிறேன். பிறந்த கன்றுக்கும் பிறந்த குழந்தைக்கும் அதன் தாய் முதன்முதலாகக் கொடுக்கிற சொத்து என்ன, அதை நாம் எப்படி வீணாக்குகிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தோவாளைப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு நாற்றங்கால் பார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டில் முந்தின நாள் ராத்திரி பசு ஈன்றிருந்தது. கடிஞ்சூல் பசு. வீட்டு ஆச்சி ஒரு கிண்ணத்தில் கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டுக் கிண்டின சீம்பாலைக் கொண்டுவந்து, "சாப்பிடுங்க மக்களே, முதல் கறவை" என்று நீட்டினார். ருசியாக இருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன்.

கன்று தொழுவத்து மூலையில் வைக்கோலில் சுருண்டு கிடந்தது. "கன்று குடிச்சுதா?" என்று பேச்சுக்குக் கேட்டேன். "விடியக்காலம்தான் நஞ்சுக்கொடி விழுந்தது சார். அது விழாம குடிக்க விட்டா ஆகாதுல்லா. மடி சுத்தமாகட்டும்னு கறந்து வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தாச்சு. மத்தியானம் போல கன்னை விடுவோம்" என்றார் வீட்டுக்காரர். அறிவியல் படித்துப் பட்டம் வாங்கிய நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி போனபோது தொழுவத்தில் பசு மட்டும் நின்றது. கன்று கழிச்சல் கண்டு ஐந்தாம் நாள் செத்துப்போயிருந்தது. "அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்றார்கள். மனசு கேட்காமல் என் கால்நடை மருத்துவ நண்பரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "முதல் சீம்பாலை யார் குடிச்சா?" எனக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

ஆகவே, நேயர்களே, இன்று நான் சொல்லப்போவது புத்தகத்தில் படித்தது மட்டுமல்ல. கடன் தீர்ப்பது போல் சொல்கிறேன்.

கன்று வெறுங்கையோடு பிறக்கிறது

நம் உடம்பில் ஒரு நோய்க் கிருமி நுழைந்தால், உடம்பு அதை அடையாளம் கண்டு, அதற்கென்றே ஒரு காவல் பொருளை ரத்தத்தில் உண்டாக்குகிறது. நோய் எதிர்ப்புப் பொருள் என்று இதைச் சொல்கிறோம். இது ஒரு வகைப் புரதம். கோமாரிக்கு ஒரு காவல், கழிச்சல் கிருமிக்கு ஒரு காவல் என்று தனித்தனியாக இருக்கும். ஒரு பசு நாலைந்து வருஷம் ஒரு தொழுவத்தில் வாழ்ந்தால், அந்தத் தொழுவத்துக் கிருமிகள் எல்லாவற்றையும் அதன் உடம்பு அறிந்துவைத்திருக்கும்.

ஆனால் புதிதாகப் பிறந்த கன்றுக்கு எதுவும் தெரியாது. சொந்தமாகக் காவல் பொருளைப் போதிய அளவு உண்டாக்க அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். அதுவரை தாயிடம் கைமாற்று வாங்கித்தான் பிழைக்க வேண்டும். அறுவடை ஆகும்வரை பக்கத்து வீட்டில் நெல்லு கைமாற்று வாங்கிக் காலம் தள்ளுவதில்லையா, அது போலத்தான்.

தாய் இந்தக் கைமாற்றை எப்படிக் கொடுக்கிறாள் என்பதில்தான் மனிதருக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. பசுவின் கருப்பையில் தாயின் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் நடுவே பல அடுக்குச் சவ்வுகள் உண்டு. உணவுச் சத்தும் காற்றும் அதைத் தாண்டிக் கன்றுக்குப் போகும். எதிர்ப்புப் பொருள் பெரிய மூலக்கூறு, அது தாண்டாது. ஆதலால் ஒன்பது மாதத்துக்கு மேல் சுமந்தாலும், பசு தன் காவலை வயிற்றுக்குள் வைத்துக் கன்றுக்குக் கொடுக்க முடிவதில்லை. கன்று ஏறக்குறைய வெறுங்கையோடுதான் மண்ணில் விழுகிறது. எருமை, ஆடு, பன்றி, குதிரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அதற்கு இயற்கை செய்துவைத்த ஏற்பாடுதான் சீம்பால். ஈனுவதற்கு நாலைந்து வாரம் இருக்கும்போதே, பசுவின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள் மடிக்குள் இறங்கிச் சேர ஆரம்பிக்கிறது. நல்ல சீம்பாலில் லிட்டருக்கு 50 கிராமுக்குக் குறையாமல் அது இருக்கும். சாதாரணப் பாலில் லிட்டருக்கு 1 கிராம்கூடத் தேறாது. வித்தியாசத்தை நீங்களே கண்ணால் பார்க்கிறீர்களே. பாலைக் காய்ச்சினால் பொங்குகிறது. சீம்பாலை அடுப்பில் வைத்தால் கட்டிபட்டுப் போகிறது. ஏன்? அதில் அவ்வளவு புரதம். கிண்ணத்தில் திரண்டு நிற்கிறதே, அதில் பெரும்பங்கு கன்றுக்கு வைத்திருந்த காவல்.

குன்னிமுத்து சொன்ன உண்மை

தாய் காவல் கொடுக்கிறாள் என்பதை முதலில் நிரூபித்துக் காட்டியவர் பால் ஏர்லிக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி. 1892ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி அது. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது நம் வேலியோரத்தில் கிடக்கிற பொருள்தான். குன்றிமணி, நம்ம பக்கத்தில் குன்னிமுத்து என்கிறோமே, அதன் விஷம் ஒன்று. ஆமணக்கு விதையில் உள்ள விஷம் இன்னொன்று. எலிகளுக்கு இந்த விஷத்தை முதலில் மிக மிகக் கொஞ்சமாகக் கொடுத்து, மெல்ல மெல்லக் கூட்டி, கடைசியில் அந்த விஷம் அவற்றை ஒன்றும் செய்யாதபடி பழக்கிவிட்டார்.

பிறகு அவற்றின் குட்டிகளைச் சோதித்தார். தகப்பன் எலிக்கு மட்டும் காவல் இருந்தால் குட்டிக்கு ஒன்றும் வரவில்லை. தாய்க்கு இருந்தால் குட்டிக்கும் வந்தது. ஆனால் சில வாரங்களில் அது மறைந்துபோனது. அடுத்து, குட்டிகளை மாற்றிவிட்டார். காவல் இல்லாத தாய்க்குப் பிறந்த குட்டியைக் காவல் உள்ள எலியிடம் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிக்கும் காவல் வந்துவிட்டது. பெற்றவளிடம் இல்லாததைப் பாலூட்டினவள் கொடுத்தாள் என்று இதனால் உறுதியாயிற்று. நோய் எதிர்ப்பு பற்றிய ஆராய்ச்சிகளுக்காக ஏர்லிக்குக்கு 1908ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

மாட்டில் இதை உறுதிசெய்தவர்கள் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித், ரால்ஃப் லிட்டில் என்ற இருவர். 1922ஆம் ஆண்டு சில கன்றுகளுக்குச் சீம்பால் கொடுத்தும், சில கன்றுகளுக்குக் கொடுக்காமலும் வளர்த்துப் பார்த்தார்கள். சீம்பால் கிடைக்காத கன்றுகளில் பெரும்பாலானவை சில நாட்களில் செத்தன. குடித்தவை பிழைத்தன. நூறு வருஷம் கழிந்தும் நம் தொழுவத்தில் அதே சோதனையை நாம் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

மடை அடைக்கும் முன்னால்

சீம்பால் கொடுத்தால் போதாது. நேரத்தில் கொடுக்க வேண்டும். இதுதான் இன்றைய பேச்சின் உயிரான இடம். கவனமாகக் கேளுங்கள்.

நாம் தின்கிற புரதம் எல்லாம் குடலில் செரித்து உடைந்த பிறகுதான் ரத்தத்தில் சேரும். பிறந்த கன்றின் குடல் மட்டும் சில மணி நேரத்துக்கு இதற்கு விலக்கு. எதிர்ப்புப் பொருளை உடைக்காமல் முழுசாக அப்படியே ரத்தத்துக்குள் விட்டுவிடும். பிறந்த முதல் 6 மணி நேரத்தில் இந்த வழி நன்றாகத் திறந்திருக்கும். பிறகு மணிக்கு மணி சுருங்கும். 24 மணி நேரத்தில் அடைத்துவிடும்.

நமக்குத் தெரியாத விஷயமா இது? கடைவரம்பு வயல்காரரைக் கேளுங்கள். பேச்சிப்பாறை அணை நிறைந்து கிடந்தாலும், மடை அடைத்த பிறகு நம் வயலுக்குத் தண்ணீர் உண்டா? மறுநாள் நாலு லிட்டர் சீம்பால் கொடுத்தாலும் அது கன்றின் வயிற்றுக்கு உணவாகும். ரத்தத்துக்குக் காவல் ஆகாது.

இந்த வழி திறந்திருக்கும்போது நல்லது மட்டும்தான் போகும் என்றில்லை. சாணி பிடித்த காம்பைக் கன்று சப்பினால் கிருமியும் அதே வழியில் உள்ளே போகும். எது முதலில் போகிறது என்பதில்தான் கன்றின் விதி இருக்கிறது. இடவப்பாதி மழையில் தொழுவம் சேறாகக் கிடக்கும்போது பிறக்கிற கன்றுகளுக்குக் கழிச்சல் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பதில் ஒரு நன்மையும் இல்லை. மாறாக, கன்று சப்பும்போது பசுவின் உடம்பில் சுரக்கிற ஒரு பொருள் மடியில் பாலை இறக்குகிறது. அதுவே கருப்பையையும் சுருங்கச் செய்கிறது. ஆகவே கன்றைக் குடிக்க விடுவது நஞ்சுக்கொடி விழுவதற்கும் உதவிதான். அரை நாள் கடந்தும் கொடி விழவில்லை என்றால், அதைப் பிடித்து இழுக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தொழுவத்தில் செய்ய வேண்டியவை

முதலாவது, கன்று விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்துவிடுங்கள். தொப்புளுக்கு டிங்சர் அயோடின் போடுங்கள். மடியையும் காம்பையும் சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

இரண்டாவது, ஒரு மணி நேரத்துக்குள் கன்று குடித்தாக வேண்டும். எழுந்து நிற்கத் தெரியாத கன்றானால் தாங்கிப் பிடித்துக் காம்பை வாயில் வையுங்கள்.

மூன்றாவது, அளவு. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் 6 மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். இரண்டு தடவையாகக் கொடுக்கலாம். 12 மணி நேரத்துக்குள் மறுபடி ஒரு லிட்டரோ ஒன்றரை லிட்டரோ கொடுங்கள். "சீம்பால் கூடினா கன்னுக்குக் கழியும்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சீம்பால் குறைந்ததால் வந்த கழிச்சலில் செத்த கன்றுகள்தான் அதிகம்.

நான்காவது, கறந்து கொடுப்பதானால் நிப்பிள் வைத்த பாட்டிலில் கொடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து மூங்கில் குழலில் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். சீம்பாலைக் காய்ச்சக் கூடாது. காய்ச்சினால் காவல் பொருள் கெட்டுப்போகும்.

ஐந்தாவது, தாய் செத்துப்போனாலோ மடிநோய் கண்டாலோ, அதே நாளில் ஈன்ற வேறு பசுவின் சீம்பால் கொடுக்கலாம். ஊரில் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறை உள்ள வீட்டில், நல்ல பசுவின் மிச்சச் சீம்பாலைச் சுத்தமான பாட்டிலில் உறையவைத்தால் பல மாதம் இருக்கும். தேவைப்படும்போது பாட்டிலை வெந்நீரில் அல்ல, கை பொறுக்கிற சூடுள்ள தண்ணீரில் வைத்து இளக்க வேண்டும். பாலில் முட்டையும் விளக்கெண்ணெயும் கலந்து கொடுக்கிற வழக்கம் உண்டு. அதில் சத்து இருக்கிறது, காவல் இல்லை. சீம்பால் கிடைக்காத நேரத்தில் பசியாற்ற மட்டும் அது உதவும்.

ஆறாவது, சந்தையில் சினைமாடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று நாளை ஈனப்போகிற மாட்டைத் தூர ஊரிலிருந்து கொண்டுவந்தால், அதன் சீம்பாலில் அந்த ஊர்த் தொழுவத்துக் கிருமிக்குத்தான் காவல் இருக்கும். நம் தொழுவத்துக் கிருமியை அது அறிந்திருக்காது. ஈனுவதற்கு ஆறு வாரமாவது முன்னால் வாங்கி நம் தொழுவத்தில் கட்டினால் நல்லது. அதே போல், கறவையை ஈனுவதற்கு 60 நாள் முன்னால் நிறுத்திவிடுங்கள். கடைசி நாள்வரை கறந்துகொண்டே இருந்தால் சீம்பால் சேர்வதற்கு மடிக்கு நேரம் ஏது?

ஆட்டுக்குட்டிக்கும் இதே முறைதான். மூன்று குட்டி போட்ட ஆட்டில், வலுத்த குட்டி இரண்டும் குடித்துவிட்டு நோஞ்சான் குட்டி வெறும் வயிற்றோடு நிற்கும். அதைப் பிடித்து முதலில் குடிக்கவிடுங்கள். கோழிக்குப் பால் இல்லையே என்று கேட்பீர்கள். கோழி தன் காவலை முட்டையின் மஞ்சள் கருவுக்குள் வைத்து அனுப்புகிறது. குஞ்சு பொரிந்து சில நாள், சில வாரம் அதைக்கொண்டு ஓட்டுகிறது. வெள்ளைக்கழிச்சலுக்கு 7ஆம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடச் சொல்வது அந்த இரவல் குறையத் தொடங்குகிற சமயத்தைக் கணக்கில் வைத்துத்தான்.

மனிதத் தாய் கொடுக்கும் இரட்டைக் காவல்

இனி வீட்டுக்குள் வருவோம். தாய்மார்களே, நீங்கள் பசுவைவிட ஒரு படி வசதியான ஏற்பாட்டோடு படைக்கப்பட்டிருக்கிறீர்கள். மனிதத் தாயின் நஞ்சுக்கொடியில், எதிர்ப்புப் பொருளைப் பிடித்து ஏற்றிக் குழந்தையின் பக்கம் இறக்கிவிடுகிற ஒரு ஏற்பாடு இருக்கிறது. வள்ளக்காரர் இக்கரையில் ஆளை ஏற்றி அக்கரையில் விடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் கலப்பதில்லை. காவல் மட்டும் கடந்து போகிறது. இந்த வள்ளம் முழு வேகத்தில் ஓடுவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில். நாள் நிறைந்து பிறக்கிற பிள்ளையின் ரத்தத்தில் இந்தக் காவல் தாயின் ரத்தத்தில் உள்ள அளவுக்கு, சில சமயம் அதற்கு மேலேயும் இருக்கும்.

நாள் நிறையாமல் பிறக்கிற பிள்ளைக்கு இந்தச் சரக்கு முழுசாக வந்து சேர்ந்திருக்காது. ஆகவே அந்தப் பிள்ளைக்குத் தாய்ப்பால் இன்னும் அவசியம். காம்பைச் சப்ப வலு இல்லாவிட்டால், பீச்சி எடுத்துச் சங்கிலோ பாலாடையிலோ சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம். மருத்துவமனைச் செவிலியர்கள் காட்டித் தருவார்கள். தாயிடம் பால் இல்லாத இத்தகைய பிள்ளைகளுக்காக, பிற தாய்மார் கொடுத்த பாலைப் பதப்படுத்திக் கொடுக்கும் தாய்ப்பால் வங்கி 1989ஆம் ஆண்டு மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. ஆசியாவிலேயே அதுதான் முதல் வங்கி. இப்போது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் இந்த வசதி உண்டு.

ரத்தத்துக்கு ஒரு காவல் கொடியின் வழியாக வந்துவிட்டது. அப்படியானால் சீம்பால் எதற்கு? ரத்தத்தில் காவல் இருந்தாலும், கிருமி நுழைகிற வாசல் வாயும் மூக்கும் குடலும்தானே! அந்த வாசலில் நிற்கிற காவல்தான் தாயின் சீம்பாலில் இருக்கிறது. அது கன்றுக்குப் போல ரத்தத்தில் சேர்வதில்லை. குழந்தையின் தொண்டையிலும் குடலின் உட்சுவரிலும் மெழுகினாற்போல் படிந்து நின்று, கிருமி ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. அதோடு, தாய் எந்த வீட்டில், எந்தக் கிருமிகளுக்கு நடுவில் வாழ்கிறாளோ, அந்தக் கிருமிகளுக்கு எதிரான காவலாகவே அது இருக்கும். எந்த டப்பாப் பாலும் உங்கள் வீட்டுக் கிருமியை அறியாது.

ஒரே வீட்டில் இரண்டு தவறு

இப்போது ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். பசுவின் சீம்பாலை ருசியான பண்டம் என்று கன்றிடமிருந்து எடுத்து நாம் சாப்பிடுகிறோம். பெற்றவளின் சீம்பாலையோ, "பத்து மாசம் மாரில் தங்கின பழைய பால், பிள்ளைக்கு ஆகாது" என்று பீச்சிக் கீழே ஊற்றச் சொல்கிறோம். ஒன்று குடிக்க வேண்டியதன் வாயிலிருந்து எடுத்தது. மற்றது குடிக்க வேண்டியதன் வாய்க்குக் கொடுக்காதது. ஒரே வீட்டில், ஒரே பொருளைப் பற்றி, இரண்டு தவறு.

அது பழைய பால் அல்ல. மஞ்சளாக, கெட்டியாக இருப்பது அதன் இயல்பு. முதல் நாளில் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கரண்டி அளவுதான் வரும். "பால் இல்லையே" என்று பயப்பட வேண்டாம். பிறந்த பிள்ளையின் வயிறும் அவ்வளவுதான் கொள்ளும். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மாரில் விட வேண்டும். அறுவை செய்து எடுத்த பிள்ளையானாலும், தாய்க்கு நினைவு இருந்தால், செவிலியர் துணையோடு அதே நேரத்தில் விடலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, தேவையில்லை.

சேனை தொட்டு வைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. நல்ல மனசுள்ள பெரியவர் கையால் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவினால், அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். பெரியவர்களின் ஆசீர்வாதம் வேண்டியதுதான். அதைக் கையால் தலையில் வைத்து வாழ்த்துங்கள். நாக்கில் வைக்க வேண்டாம். குடலில் முதலில் தாயின் காவல் போய் நிற்க வேண்டிய இடத்தில், நம் விரல் அழுக்கு போய் நிற்கிறது. மார்த்தாண்டத்துத் தேன் உலகம் அறிந்த நல்ல தேன். ஆனாலும் ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு எந்தத் தேனும் கூடாது. தேனில் சில சமயம் இருக்கிற ஒரு கிருமியின் வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது. பச்சைப் பிள்ளையின் குடலில் முளைத்து, கைகால் தளர்ந்துபோகிற கடும் நோயைக் கொடுக்கும்.

தாய்க்குச் சளி, காய்ச்சல் வந்தால் பாலை நிறுத்துவதும் தவறு. கையைக் கழுவி, வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு கொடுக்கலாம். அந்த நோய்க்கான காவலைத் தாயின் உடம்பு உண்டாக்கிப் பாலில் அனுப்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. நாள்பட்ட நோய்க்கு மருந்து சாப்பிடுகிற தாய்மார் மட்டும் மருத்துவரைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

இரவல் தீரும் நாள்

கைமாற்று என்றைக்கும் நிலைக்காது. கொடியின் வழியாக வந்த காவல் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். ஆறு மாதம் ஆகும்போது பெரும்பகுதி கரைந்துவிடும். அதற்குள் பிள்ளை சொந்தக் காவலை உண்டாக்கிக்கொள்ளத்தான் தடுப்பூசி. பிறந்ததும் காசநோய்க்கும் மஞ்சள்காமாலைக்கும் ஊசி, போலியோ சொட்டு மருந்து. பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி. இந்த ஐந்து நோய்த் தடுப்பூசியை இந்தியாவிலேயே முதலில் 2011 டிசம்பரில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் பக்கத்துக் கேரளத்திலும்தான்.

தட்டம்மை ஊசியை மட்டும் ஏன் 9ஆம் மாதம்வரை தள்ளிப் போடுகிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. தாயின் காவல் பிள்ளையின் ரத்தத்தில் மிச்சம் இருந்தால், அது தடுப்பூசி மருந்தையும் எதிரி என்று நினைத்து அழித்துவிடும். பிள்ளையின் உடம்பு பாடம் கற்காது. ஆகவேதான் இரவல் தீர்ந்த பிறகு போடுகிறார்கள். கன்றுக்குக் கோமாரி ஊசி நாலு மாதம் ஆன பிறகு போடுவதும் இதே கணக்குத்தான். அதைத் தேதி தவறாமல் போடுவது முக்கியம். இரவல் தீர்ந்து, சொந்தமும் இல்லாமல் நிற்கிற இடைக்காலம்தான் ஆபத்தானது.

தாய்க்குப் போடுகிற ஊசி பிள்ளைக்கும் சேர்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிக்கு டெட்டனஸ் ஊசி எதற்கு? தொப்புள்கொடியை அழுக்குக் கத்தியால் அறுத்து, சாணத்தையும் சாம்பலையும் வைத்ததால் ரணஜன்னி கண்டு, பிறந்த ஒன்றிரண்டு வாரத்தில் செத்த பிள்ளைகள் நம் பாட்டிமார் காலத்தில் எத்தனையோ. தாய்க்குப் போட்ட ஊசி அவள் ரத்தத்தில் காவலை உண்டாக்கி, அந்த வள்ளத்தில் ஏறிப் பிள்ளைக்குப் போகிறது. இந்த ஊசியாலும் சுத்தமான பிரசவத்தாலும், பிறந்த பிள்ளைகளின் ரணஜன்னியை இந்தியா ஒழித்த நிலையை எட்டியது என்று 2015ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கிருமி மண்ணிலும் சாணத்திலும் இன்னும் இருக்கிறது. ஊசியை விட்டால் நோய் திரும்பி வரும். இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்தே இந்த ஊசி போடப்படுகிறது. கர்ப்பம் தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, ஊசியை விடாமல் போட்டுக்கொள்ளுங்கள். சினைமாட்டுக்கும் எந்த ஊசியை எப்போது போடலாம் என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். சரியான நேரத்தில் போட்டால் அந்தக் காவல் சீம்பாலில் இறங்கும்.

முடிக்கும் முன்னால், தொடங்கிய வீட்டுக்கே வருகிறேன். அந்தக் கன்று செத்த பிறகு, நான் கேட்டறிந்ததை அவர்களிடம் போய்ச் சொன்னேன். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஈத்தில் பசு ஈன்ற அன்று எனக்குக் கிண்ணம் வரவில்லை. மூன்றாம் நாள்தான் வந்தது. "கன்னு குடிச்ச மிச்சம் மக்களே" என்றார். அது அவ்வளவு கெட்டியாக இல்லை. ஆனாலும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சமீபத்தில் அந்த ஊருக்குப் போனேன். ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. பேத்தி பிரசவம் முடிந்து பிள்ளையோடு வந்திருந்தாள். பார்க்க வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீர் கேட்டாளாம். "நம்ம வீட்டுத் தொழுவத்துல அந்தத் தப்பை ஒரு தடவை செஞ்சாச்சு. பிள்ளைக்கிட்ட செய்ய வேண்டாம்" என்று ஆச்சி திருப்பி அனுப்பிவிட்டாராம்.

ஆகவே, உழவர் பெருமக்களே, அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் கொடுக்கிற நம் வழக்கத்தை விட வேண்டாம். அது நல்ல வழக்கம். கன்று வயிறு நிறைந்த பிறகு மிச்சத்தைக் கொடுங்கள். அதே போல், பெற்றவளின் முதல் பாலில் ஒரு சொட்டும் கீழே போக விடாதீர்கள். சீம்பால் முதலில் யாருக்கு என்று கேட்டால், பிறந்ததற்கு என்பதே பதில். நமக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.